மழை ஓரிடம், வெள்ளம் வேறிடம்: பாலைவன எச்சரிக்கையில் ராடாரின் பங்கு

2024 ஏப்ரல் 14 அன்று ஓமானின் சமத் அல் ஷான் பகுதியில், பாடசாலைப் பிள்ளைகள் பயணித்த வாகனத்தை, வாதியில் (மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் வறண்ட ஆற்றுப் படுகையில்) வந்த வெள்ளம் இழுத்துச் சென்றதில் சிறுவர்கள் பலர் உயிரிழந்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே மழைத்தொகுதி ஐக்கிய அரபு இராச்சியத்தின் மேல் வந்தபோது, அல் ஐன் பிரதேசத்தின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் 254 மில்லிமீற்றர் மழை பதிவானது. அந்நாட்டில் 1949இல் மழைப் பதிவுகள் தொடங்கிய காலம் முதல் அதுவே மிகப் பெரிய அளவு. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கும் சற்று முன்னர், 2009 நவம்பர் 25 அன்று, ஜித்தாவில் நான்கு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் மழை பெய்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கிழக்கிலங்கையின் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் வளைகுடாவில் உழைக்கும் ஒருவரேனும் இல்லாத குடும்பங்களைத் தேட வேண்டியிருப்பதால், இச்செய்திகள் வரும் நாள்களில் இங்குள்ள கைத்தொலைபேசிகள் ஓய்வதில்லை.

90 மில்லிமீற்றர் என்பது மட்டக்களப்பில் மார்கழி மாதத்து மழை நாளொன்றுக்குப் புதிதல்ல. அன்று பள்ளமான வீதிகளில் நீர் தேங்கும், முற்றங்கள் நிறையும், மறுநாள் வடியும். அதே அளவு மழை ஒரு பாலைவன நகரில் நூறு உயிர்களைக் கொள்வது எப்படி என்ற கேள்வியும், அத்தனை வசதி படைத்த நாடுகளில் ராடார் இல்லையா என்ற கேள்வியும் அப்போது எழுகின்றன. ராடார் இருக்கிறது. ஆனால் ராடார் திரையில் தோன்றும் சிவப்புப் புள்ளிக்கும், ‘இந்த வாதியைக் கடக்காதீர்கள்’ என்ற எச்சரிக்கைக்கும் இடையில் பல படிகள் உள்ளன. அந்தப் படிகளை விளங்கிக்கொள்வது நமக்கும் அவசியம். இலங்கைக்கெனத் திட்டமிடப்பட்ட இரு டொப்ளர் ராடார்களில் ஒன்றுக்குத் தெரிவான இடம் அம்பாறை மாவட்டத்தின் பொத்துவில்.

முதலில் பாலைவன வெள்ளத்தின் இயல்பைப் பார்ப்போம். நம் பகுதியில் வெள்ளம் பெரும்பாலும் நிலம் நிறைந்த பின் வருகிறது: ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நீர் குடித்துக் குடித்து இனி இடமில்லை என்ற நிலையை அடைய, குளங்கள் வான் பாய, அதன் பின் பெய்வதெல்லாம் வழிந்தோடுகிறது. பாலைவனத்தில் மண் வறண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடுகிறது. அங்கு நிலத்தின் பெரும்பகுதி பாறையாகவோ, மழைத்துளி விழுந்து விழுந்து இறுகிய மெல்லிய மேலோடு படிந்த மண்ணாகவோ இருக்கிறது. மழையைத் தாங்கி மெதுவாக இறக்க மரஞ்செடிகளும் இல்லை. ஆகவே மண் உள்ளிழுக்கும் வேகத்தைவிட மழை பொழியும் வேகம் கூடியவுடன், அடி மண் வறண்டு கிடக்க, மேலே நீர் ஓடத் தொடங்குகிறது. மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதைவிட, அந்த அரை மணித்தியாலத்தில் எந்த வேகத்தில் பெய்தது என்பதே அங்கு வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்து, அந்த மழை மிகச் சிறிய இடத்தில் விழுகிறது. பாலைவனத்து இடிமழைக் கலமொன்றின், அதாவது தனித்து எழும் இடிமேகத் திரளொன்றின், அகலம் பெரும்பாலும் பத்துக் கிலோமீற்றர் அளவே. ஒரு கலத்தின் ஆயுள் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை. மேட்டு நிலத்தில் விழுந்த அந்நீர் செங்குத்தான ஓடைகளால் திரட்டப்பட்டு ஒரே வாதிக்குள் இறங்கும்போது, கீழே நிற்பவரின் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம். 1997 ஓகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அன்டிலோப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாறைப் பிளவுக்குள் நின்ற பதினொரு சுற்றுலாப் பயணிகள் இவ்வாறே இறந்தார்கள். அவர்களைக் கொன்ற மழை பல கிலோமீற்றருக்கு அப்பால் பெய்தது. ஒரு கணக்கு: ஒரு சதுர கிலோமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஆயிரம் கன மீற்றர். மழைநீரைத் திரட்டி ஒரே ஓடைக்குத் தரும் நூறு சதுர கிலோமீற்றர் நீரேந்துப் பிரதேசத்தில் பத்து மில்லிமீற்றர் வழிந்தோடினால், பத்து லட்சம் கன மீற்றர் நீர் ஒரே வாய்க்காலால் வெளியேற வேண்டும்.

இத்தகைய மழையை மழைமானியால் பிடிப்பது கடினம். வழமையான எட்டு அங்குல மழைமானியின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 324 சதுர சென்ரிமீற்றர். மக்கள் வாழாத பரப்பில் அவை நூறு கிலோமீற்றருக்கு ஒன்று என்ற கணக்கில் நின்றால், புயல் இரண்டு மானிகளுக்கு நடுவே புகுந்து ஒரு துளியும் பதியாமல் போய்விடும். அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரைச் சூழ்ந்த வால்நட் கல்ச் என்ற ஏறத்தாழ 150 சதுர கிலோமீற்றர் ஆய்வு நீரேந்துப் பிரதேசத்தில் 1950கள் முதல் பல பத்து மானிகளை நெருக்கமாக நாட்டி அளந்து வருகிறார்கள். ஒரு முனையில் கனமழையும் மறுமுனையில் வறட்சியும் ஒரே பிற்பகலில் நிகழ்வதை அந்தப் பதிவுகள் காட்டுகின்றன. மேல் ஓடையில் பெருக்கெடுத்த வெள்ளம் கீழே செல்லச் செல்ல மணற் படுகையால் உறிஞ்சப்பட்டு மெலிவதும் அங்கே விரிவாக ஆராயப்பட்டது. ஆக, மழை விழுந்த இடம் வாதியின் வாய்க்கு அருகிலா, தொலைவிலா என்பதும் வெள்ளத்தின் அளவை மாற்றுகிறது.

ராடாரின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. ஒரு கோபுரத்தில் நின்றவாறு, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்றுவட்டாரம் முழுவதையும் சுமார் ஒரு கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்க அதனால் முடிகிறது. ஆள் இல்லாத மேட்டு நிலமும் அதன் பார்வைக்குள் வருகிறது.

ஆனால் ராடார் மழையை அளப்பதில்லை. அது நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலிமையை அளக்கிறது. அந்த வலிமையிலிருந்து மழையின் வேகம் கணக்கால் ஊகிக்கப்படுகிறது. சிக்கலின் வேர் இந்த ஊகத்தில் இருக்கிறது. ஒரு துளியின் எதிரொலி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. துளியில் உள்ள நீரோ மூன்றாம் அடுக்குக்கு ஏற்பவே கூடுகிறது. நான்கு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே துளியும், இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள அறுபத்து நான்கு துளிகளும் ராடாருக்கு ஒரே எதிரொலியைத் தரும். நிலத்தில் விழும் நீரோ எட்டு மடங்கு வேறுபடும்.

துளிகளின் அளவு எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பது தெரியாத நிலையில், அனுபவத்தால் வகுத்த வாய்பாடுகளையே நாடுகிறார்கள். கனடாவில் மார்ஷல், பாமர் ஆகிய இருவரும் 1948இல் வெளியிட்ட துளி அளவு ஆய்வின் வழிவந்த வாய்பாடு மிகப் பழையது. அமெரிக்க வானிலை ராடார்களின் வழமையான வாய்பாடு வேறு. வெப்பமண்டலக் கடல் மழைக்கென வகுத்தது இன்னொன்று. ராடார் பயன்படுத்தும் டெசிபெல் அளவுகோலில் 50 என்ற எதிரொலி கிடைத்தால், முதலாவது வாய்பாடு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 49 மில்லிமீற்றர் என்கிறது. இரண்டாவது 63 என்கிறது. மூன்றாவது 147 என்கிறது. ராடாரும் அதே, மேகமும் அதே, விடைகளுக்கு இடையில் மூன்று மடங்கு வேறுபாடு. திரையில் வண்ணம் தீட்டிய மழை வரைபடத்தைப் பார்க்கும் எவரும், அந்த வண்ணத்துக்கு அடியில் இப்படியொரு தெரிவு செய்யப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஆலங்கட்டி கலந்தால் எதிரொலி மேலும் ஊதிப் பெருக்கும். அதனால்தான் ஒரு வரம்புக்கு மேல் மழை வேகத்தைக் கணக்கில் ஏற்றாமல் வெட்டிவிடும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு.

பாலைவனம் இதற்கு மேல் தன் பங்குக்கும் சிக்கலைச் சேர்க்கிறது. ராடார்க் கற்றை டோர்ச் வெளிச்சம்போலத் தூரம் போகப் போக அகலும். பூமி வளைந்திருப்பதால் நிலத்தை விட்டு உயரவும் செய்யும். அரைப் பாகை சாய்வில் அனுப்பிய கற்றையின் மையம் நூறு கிலோமீற்றர் தொலைவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்திலும், இருநூறு கிலோமீற்றரில் நான்கு கிலோமீற்றருக்குச் சற்று மேலும் நிற்கும். நூறு கிலோமீற்றரில் அதன் தடிப்பே ஒன்றேமுக்கால் கிலோமீற்றர் அளவாகிவிடும். ஆகவே ராடார் காண்பது மேகத்துக்குள் நிகழ்வதை. வறண்ட நாட்டில் மேகத்தின் அடித்தளம் மிக உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து புறப்பட்ட துளிகள் சூடான உலர்ந்த காற்றினூடே விழும்போது ஒரு பகுதி ஆவியாகிவிடுகின்றன. சில வேளை மழைத் திரை வானிலிருந்து தொங்குவது கண்ணுக்குத் தெரியும், நிலத்தைத் தொடாது. ராடார் அதைக் கனமழை என்றே எழுதும். காற்றும் சும்மா இருப்பதில்லை. மூன்று கிலோமீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு ஏழு மீற்றர் வேகத்தில் விழும் துளி தரையை அடைய ஏழு நிமிடம் எடுக்கும். அந்நேரத்தில் செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகக் காற்று அதனை நான்கு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிவிடும். அகலம் ஐந்து கிலோமீற்றர் மட்டுமேயான வாதிக்கு, மழை இந்த வாதிக்கா பக்கத்து வாதிக்கா என்ற கேள்வியின் விடையே மாறிவிடுகிறது.

மலைகள் கற்றையை மறைப்பதும், கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்றுப் படை கற்றையைக் கீழ்நோக்கி வளைத்து இல்லாத மழையைக் காட்டுவதும் வளைகுடாக் கரைகளுக்குப் பழகிய தொல்லைகள். அலைநீளமும் முக்கியம்: மூன்று சென்ரிமீற்றர் அலையில் இயங்கும் சிறிய ராடார் மலிவானது, நுணுக்கமாகவும் பார்க்கும், ஆனால் முன்னால் நிற்கும் கனமழையே அதன் கற்றையை விழுங்கிவிடும், பின்னால் நிற்கும் புயல் மறைந்துபோகும். பத்து சென்ரிமீற்றர் அலைக்கு அந்தக் குறை மிகச் சிறிது. அதற்குப் பெரிய அலைவாங்கியும் பெரிய பணமும் வேண்டும். கிடையாகவும் நிலைக்குத்தாகவும் இரு வகை அலைகளை அனுப்பும் இரட்டை முனைவாக்க ராடார்கள் வந்த பின்னர் நிலைமை கணிசமாக மேம்பட்டது. பெரிய துளி விழும்போது தட்டையாகிறது என்ற எளிய உண்மையை அவை பயன்படுத்தி, துளியின் பருமனையே ஓரளவு அறிந்துகொள்கின்றன; ஆலங்கட்டியையும் பூச்சிக் கூட்டத்தையும் மழையிலிருந்து பிரிக்கின்றன. அமெரிக்காவின் ராடார் வலையமைப்பு முழுவதும் 2013இல் இவ்வகைக்கு மாற்றி முடிக்கப்பட்டது.

மழைக் கணிப்பில் உள்ள பிழை வெள்ளக் கணிப்பில் எப்படி வீங்குகிறது என்பது அடுத்த விடயம். ஒரு வாதியில் முதல் 25 மில்லிமீற்றர் மழை மண்ணாலும் குழிகளாலும் மணற் படுகையாலும் உறிஞ்சப்படுகிறது என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். உண்மையில் 30 மில்லிமீற்றர் பெய்தால் 5 மில்லிமீற்றர் வழிந்தோடும். ராடார் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 36 என்று காட்டினால் வெள்ளம் 11 மில்லிமீற்றர் ஆகிறது, இரு மடங்குக்கு மேல். அதே அளவு குறைத்து 24 என்று காட்டினால் வெள்ளமே இல்லை. ஐந்தில் ஒரு பங்குப் பிழை என்பது ராடார் மழைக் கணிப்பில் மிகத் திறமையான நாளின் பிழை. எனவே ராடார் மழையை, மழை எவ்வளவு வெள்ளமாகும் என்று கணக்கிடும் ஒரு நீரியல் மாதிரியில் ஊற்றி, ‘நண்பகல் பன்னிரண்டரைக்கு இவ்வாதியில் இத்தனை கன மீற்றர் வரும்’ என்று துல்லியமாகச் சொல்ல முற்படும் எவரும் பாலைவனத்தில் விரைவில் மதிப்பிழப்பார்கள்.

சாக்கடலின் மேற்குக் கரையில் இறங்கும் வாதிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன. ஜெரூசலேம் மலையுச்சியில் ஆண்டுக்கு ஐந்நூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை. முப்பது கிலோமீற்றருக்குள் கடல் மட்டத்துக்கும் நானூறு மீற்றருக்கு மேல் கீழே இறங்கிச் சாக்கடலை அடையும்போது அது நூறு மில்லிமீற்றருக்கும் குறைவு. ராடாரோ மத்திய தரைக்கடலோரச் சமவெளியில் நிற்கிறது. மலை முகட்டுக்கு அப்பால் இறங்கும் சரிவை அது மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும். இந்நிலையிலும் ராடார் மழையை மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி, வாதிக்கு வாதி நீரியல் மாதிரியில் இட்டு, வெள்ளம் வருமா வராதா என்ற கேள்விக்குப் பயனுள்ள விடை பெற முயன்றிருக்கிறார்கள். உச்ச நீரோட்டத்தின் அளவைச் சரியாகச் சொல்வதைவிட, ஒரு வரம்பை அது தாண்டுமா என்று சொல்வது எளிது என்பதே அவ்வகை முயற்சிகளின் பொதுவான பாடம்.

இக்கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதையே. ராடார் சொல்லும் மில்லிமீற்றரை நம்ப வேண்டியதில்லை. அது தன் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுச் சொல்வதை நம்பலாம். ஒரு ராடார் குறிப்பிட்ட மலைச்சரிவின் மழையை எப்போதும் பாதியாகவே காட்டுகிறது என்று கொள்வோம். அந்தப் பிழை நிலையானதாக இருந்தால், அந்த வாதியில் கடந்த பல ஆண்டுகளில் வெள்ளம் வந்த நாள்களில் ராடார் காட்டிய அளவுகளும் பாதியாகவே இருந்திருக்கும். எனவே ‘இன்றைய ராடார் அளவு, இவ்வாதி பெருக்கெடுத்த நாள்களின் ராடார் அளவைத் தாண்டிவிட்டது’ என்ற கூற்று உண்மையான மில்லிமீற்றர் தெரியாமலேயே உண்மையாகிறது. ஒவ்வொரு சிறு நீரேந்துப் பிரதேசத்துக்கும் மாதிரியின் சொந்த வரலாற்றிலிருந்து வரம்பை எடுத்து, இன்றைய கணிப்பு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் நிலையை அடைந்துள்ளது என்று சொல்லும் முறை அமெரிக்காவில் இந்தச் சிந்தனையில்தான் வளர்ந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவியைவிட நீண்ட பதிவும், அந்தப் பதிவைக் கலைக்காமல் காக்கும் பொறுமையும் தேவை. ராடாரை அடிக்கடி மாற்றியமைத்து, அளவுத் திருத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் பழைய வரம்புகள் பயனற்றுப் போகும். இவ்விடயத்தில் அலட்சியம் எங்கும் பொதுவானது. புதுக் கருவியைத் திறந்து வைக்க விழா நடக்கும், பழைய பதிவைப் பேண ஒருவரும் மாலை போடுவதில்லை.

நேரம் இன்னொரு நெருக்கடி. மழை பெய்து ஆறு மணித்தியாலத்துக்குள் வரும் வெள்ளத்தையே திடீர் வெள்ளம் என்கிறார்கள். சிறிய வாதிகளில் அது ஒரு மணித்தியாலத்துக்கும் குறையும். ராடார் ஒரு சுற்றை முடிக்க ஐந்து நிமிடம், கணினி அதனை மழையாக மாற்றச் சில நிமிடம், கடமையில் இருப்பவர் பார்த்து முடிவெடுக்கச் சில நிமிடம், செய்தி கைத்தொலைபேசியை அடைய இன்னும் சில நிமிடம் என்று கழித்துக்கொண்டு போனால், வாதியில் வாகனத்தை இறக்கப் போகும் ஒருவருக்கு எஞ்சுவது கொஞ்சமே. மேகத்தின் நகர்வை முன்னே நீட்டி அடுத்த மணித்தியாலத்தை ஊகிக்கும் உடனடி எதிர்வுகூறல் இந்நேரத்தைச் சற்று நீட்டித் தருகிறது. ஆனால் பாலைவனக் கலம் பிறந்து அரை மணித்தியாலத்தில் சாவதும், பக்கத்தில் வேறொன்று பிறப்பதும் வழமையாதலால் அந்த நீட்டிப்பு அதிக தூரம் போகாது.

எச்சரிக்கையைத் தாழ்ந்த வரம்பில் வைத்தால் பொய் எச்சரிக்கைகள் பெருகும்; உயர்த்தி வைத்தால் உண்மையான வெள்ளம் தப்பும். அமெரிக்காவில் திடீர் வெள்ள எச்சரிக்கைகள் எல்லாம் கைத்தொலைபேசிகளை அலற வைத்த காலம் போய், 2020 முதல் கணிசமான அல்லது பேரழிவான சேதம் எதிர்பார்க்கப்படும் எச்சரிக்கைகளுக்கே அது ஒதுக்கப்பட்டது, மக்கள் சலித்துப் போகக் கூடாது என்பதற்காக. எச்சரிக்கை சரியாக இருந்தும் பயன்படாத நாள்களும் உண்டு. 2018 ஏப்ரல் 26 அன்று சாக்கடலுக்குத் தெற்கே சஃபித் ஓடையில் நடைபயணம் சென்ற இளைஞர்களில் பத்துப் பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. வெள்ள அபாய எச்சரிக்கை அதற்கு முன்னரே வெளியாகியிருந்தது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். பாலைவனத்து முறையை அப்படியே கொண்டுவந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் நாட்ட முடியாது. முந்தெனியாறும் அதனோடு இறங்கும் ஆறுகளும் பிபிலை, மகா ஓயாப் பக்கத்து உயர்நிலங்களிலிருந்து வந்து, சமவெளியில் பரந்து, வயல் வட்டைகளை மூழ்கடித்து, மட்டக்களப்பு வாவிக்குள் வடிய நேரமெடுக்கின்றன. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்கள் இடையில் நின்று நீரைத் தாங்குகின்றன. வான்கதவு திறக்கப்படும் நேரமும், முகத்துவாரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதும் வெள்ளத்தின் போக்கை மாற்றுகின்றன. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தை மூழ்கடித்தது நாள்கணக்காகப் பெய்த மழை. அத்தகைய வெள்ளத்துக்கு மேல்நிலத்து மழைமானிகளும் ஆற்று நீர்மட்ட அளவிகளும் குளங்களின் நீர்மட்டப் பதிவும் பெரும்பகுதி போதுமானவை. ராடார் அங்கே துணைக்கருவி மாத்திரமே.

ஆனால் கிழக்கின் சாவுகள் எல்லாம் மெதுவான வெள்ளத்தில் நிகழ்வன அல்ல. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியை மேவிப் பாய்ந்த நீரில் உழவு இயந்திரம் ஒன்று கவிழ்ந்து, அதில் பயணித்த மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். தாம்போதியொன்றில் (நீர் மேவிப் பாயும் தாழ்ந்த வீதிப் பகுதியில்) நீர் இப்போது எந்த வேகத்தில் ஏறுகிறது, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் ஏறுமா இறங்குமா என்பதை அவ்விடத்தில் நிற்பவரால் அறிய முடியாது. ஓமானின் வாதிக்கரையில் நிற்பவரின் நிலையும் இதுவே. வாதியில் மண் வறண்டிருக்கும்போதும், தாம்போதியில் மண் நிறைந்திருக்கும்போதும் ஒரே மாதிரியான திடீர் ஏற்றம் வரலாம். வரம்புதான் வேறு. ஐப்பசி தொடக்கத்தில் அறுபது மில்லிமீற்றரைச் சலனமின்றி விழுங்கும் நிலம், கார்த்திகை இறுதியில் இருபதையும் தாங்காது. எனவே இங்கு எழுதப்படும் எந்த வரம்பும் மண்ணின் அன்றைய ஈரத்தையும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோது இலங்கையிடம் சொந்தமாக இயங்கும் மழை ராடார் வலையமைப்பு இருக்கவில்லை. தெனியாயவுக்கு அருகே கொங்கல மலையில் முன்னர் தொடங்கிய முயற்சி பலிக்கவில்லை. 2017இல் ஜப்பானின் நன்கொடையில் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு டொப்ளர் ராடார்களை நிறுவ உடன்பாடு கைச்சாத்தானது; அதுவும் குறித்த காலத்தில் நிறைவேறவில்லை. காரைக்காலில் உள்ள இந்திய ராடார் நம் வானத்தையும் பார்க்குமே என்று சிலர் கேட்பதுண்டு. மட்டக்களப்பு அங்கிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். கற்றையைச் சாய்க்காமல் கிடையாக அனுப்பினாலும் நம் தலைக்கு மேல் அதன் மையம் ஒன்பது கிலோமீற்றர் உயரத்தில் போகும். பெரிய இடிமேகத்தின் உச்சி தெரியலாம், நிலத்தில் விழும் மழை தெரியாது.

சொந்த ராடார் வரும்வரை செய்மதியே கை கொடுக்கிறது. 2014இல் ஏவப்பட்ட உலகளாவிய மழை அளவீட்டுச் செய்மதியை மையமாகக் கொண்ட கணிப்பு ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் கட்டங்களாக அரை மணித்தியாலத்துக்கு ஒரு படம் தருகிறது; ஆனால் அப்படம் கைக்குக் கிடைக்கச் சில மணித்தியாலம் ஆகும். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் வெள்ளத்துக்கு அது பிந்திய செய்தி. இந்தியா, நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளுக்குமாக 2020 ஒக்டோபரில் தொடங்கிய தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டல் முறைமை, மண் ஈரத்தையும் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு சிறு நீரேந்துப் பிரதேசமும் கரை புரள இன்னும் எவ்வளவு மழை வேண்டும் என்று சொல்ல முயல்கிறது. மேலே சொன்ன வரம்புச் சிந்தனையின் பிராந்திய வடிவம் அது. அதற்குள் செல்லும் மழைத் தகவல் மேம்பட்டால் அதன் விடையும் மேம்படும்.

பொத்துவிலில் ராடார் நின்றால் என்ன கிடைக்கும் என்பதைத் தூரத்தைக் கொண்டே கணக்கிடலாம். மட்டக்களப்பு நகர் அங்கிருந்து தொண்ணூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். அரைப் பாகைக் கற்றை அங்கே ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் செல்லும். வாடைக் காலத்து ஈரமான காற்றில் துளிகள் வழியில் ஆவியாவது மிகக் குறைவு; இந்த ஒரு விடயத்தில் பாலைவனத்தைவிட நாம் அதிர்ஷ்டசாலிகள். சேனாநாயக்க சமுத்திரம் ஐம்பது கிலோமீற்றர் தொலைவில்; அங்கே கற்றை அறுநூறு மீற்றருக்கும் தாழ்வாகப் போவதால் கல்லோயாவின் கீழ்ப்பகுதி மழை நன்கு தெரியும், இடையிலுள்ள குன்றுகள் மறைக்காத வரை. மகா ஓயாப் பக்கமும் தொண்ணூறு கிலோமீற்றர் அளவே. வாகரைக்கு அப்பால் கற்றை இரண்டு கிலோமீற்றரைத் தாண்டிவிடும். அங்கே தாழ்ந்த மாரி மேகங்களின் மழையை ராடார் குறைத்துக் காட்டும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். வடகீழ்ப் பருவ மழை பெரும்பாலும் கடலிலிருந்து வருவதால், கரையை அடையுமுன்னரே மழைப் பட்டைகளைக் கடலின் மேல் காண்பது இந்த ராடார் தரக்கூடிய மிகப் பெரிய நன்மை. அங்கே மழைமானி எதுவும் இல்லை.

வாய்பாட்டுத் தெரிவையும் இங்கேயே தீர்க்க வேண்டும். பாலைவனத்துப் பெருந்துளி மழைக்கு ஒத்துவரும் வாய்பாட்டை மாரி காலத்துச் சிறுதுளி அடர்மழைக்குப் பயன்படுத்தினால் மழை பாதிக்கும் குறைவாகத் தெரியக்கூடும். மேலே கண்ட 63க்கும் 147க்கும் இடையிலுள்ள வேறுபாடு அதுவே. பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகல் இடிமழைக்கும் மார்கழியின் தாழமுக்க மழைக்கும் ஒரே வாய்பாடு பொருந்தாது. இதைச் சரிபார்க்க, தானாகத் தகவல் அனுப்பும் மழைமானிகள் ராடாரின் பார்வைக்குள் பரந்து நிற்க வேண்டும். கரையோர நகரங்களில் குவிந்திருப்பது போதாது, வெள்ளம் புறப்படும் உயர்நிலக் காடுகளின் விளிம்பிலும் வேண்டும். யானை மிதிக்காமல் காப்பதும் அங்கே பராமரிப்புச் செலவில் ஒரு பகுதி.

வரம்புகளுக்குத் தேவையான மறுபாதித் தகவல் மழையைச் சார்ந்ததல்ல, நீரைச் சார்ந்தது: எந்தத் தாம்போதியில், எந்த நாளில், எத்தனை மணிக்கு நீர் வீதியை மேவியது, எந்த அளவுக்கு ஏறியது, எப்போது இறங்கியது. கிரான் பாலத்தடியிலும் மாவடிப்பள்ளி வீதியிலும் வெல்லாவெளிப் பக்கத்திலும் இவற்றை மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்; நேரத்தோடு எழுதிய பதிவாக அவை ஓரிடத்தில் சேர்ந்தால் மாத்திரமே கணினிக்குப் பயன்படும். அளவுகோல் தீட்டிய ஒரு கொங்கிரீட் தூணும், மாரி காலத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு முறை அதனைப் பார்த்துக் குறிப்பவரும் இதற்குப் போதும். கிராம உத்தியோகத்தர் மட்டத்திலோ, கமக்கார அமைப்புகள் வழியாகவோ இதை ஒழுங்குசெய்ய ராடார் வரும் நாள்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. ராடார் நிறுவப்படும்போது ஐந்தாறு மாரி காலத்துத் தாம்போதிப் பதிவு கையில் இருந்தால் முதல் பருவத்திலேயே வரம்புகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கலாம். இல்லையெனில் ராடார் சுழலத் தொடங்கிய பின்னரும், எந்த எண்ணைத் தாண்டினால் வீதியை மூடுவது என்று சொல்ல இன்னும் பல மாரிகள் போக வேண்டியிருக்கும்.